எங்க பக்கத்து ஷிசோ

மாமியார் தோட்டத்திலிருந்து ஓர் இலையைக் கிள்ளிவந்து என் மூக்கருகே நீட்டினார். ஆகஸ்ட் வெயிலில் அவர் முகம் சிவந்திருந்தது. "பாரு ஜுன்கோ, உங்கப்பா குடுத்த ஷிசோ இந்த வருஷம்தான் ஷிசோவா ஆயிருக்கு. அந்த நாத்தம் போயே போச்சு" என்றார். உண்மையான சந்தோஷத்தோடுதான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். முகர்ந்து பார்த்தேன். புல்லைக் கசக்கினால் வருமே, அந்த வாசனைதான் வந்தது. நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதேன்.

அப்பா செத்து அப்போது எட்டு மாதம்.

பதினெட்டு வயதில் கொரியாவின் ஜேஜூ தீவிலிருந்து கப்பலேறி ஒசாகாவுக்கு வந்தவர் அவர். வந்த நாள் முதல் ரப்பர் செருப்புக்கு அடிப்பாகம் ஒட்டுகிற வேலை. எங்கள் சந்தில் எல்லோருக்கும் அதே வேலை, எல்லா வீட்டிலும் அதே பசை நெடி. அந்த நெடியை ஜெயிக்கத்தான் அப்பா சமைத்தார் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. வாளை மீனும் பறங்கிக்காயும் போட்டு அவர் வைக்கும் ரசம் கொதிக்கும்போது பக்கத்து வீட்டு மெஷின்கள் கொஞ்ச நேரம் நின்றுவிடும். வேறெந்த ஆம்பிளையும் அடுப்புப் பக்கம் போகாத சந்து அது. அந்த வீட்டுக்கு மருமகள் அவர்தான் என்று கேலி பேசுவார்கள். அப்பா கரண்டியோடு வாசலுக்கு வந்து, மருமகள் கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்பார்.

ஒரு பிடி மண் இல்லாத அந்தச் சந்தில் அவருக்குத் தோட்டமும் இருந்தது. மீன்கடைக்காரர்கள் தூக்கிப்போடும் தெர்மாகோல் பெட்டிகள் பதினேழு, அடியில் ஓட்டை போட்டு, சுவரோரம் வரிசையாக. கொஞ்சம் மிளகாய், கொஞ்சம் முள்ளங்கி, மீதியெல்லாம் எள்ளிலை. எள்ளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். பார்வைக்கு ஜப்பான்காரர்கள் சாப்பாட்டில் சேர்க்கும் ஷிசோ இலையும் அதுவும் அண்ணன் தம்பி. முகர்ந்தால் மட்டும் எது யார் வீட்டு இலை என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் என் சோற்று டப்பாவைத் திறந்ததும் தெரிந்துவிடுகிற மாதிரி.

சுன்ஜா என்று என் பெயரை எழுதுகிற எழுத்தையே ஜப்பானியத்தில் ஜுன்கோ என்றும் வாசிக்கலாம். அந்த ஒரு வசதியை வைத்துக்கொண்டுதான் நான் நாராவில் ஒரு ஜப்பான்காரர் வீட்டுக்கு மருமகளாகப் போனேன். நான் யாரென்று கணவருக்குத் தெரியும். அவர் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று இருவருமாக முடிவு செய்தோம். அப்பாவின் பேச்சு வித்தியாசமாக இருக்குமே, அதற்கு அவர் ஜப்பானின் தெற்கே கியூஷூ பக்கத்துக்காரர் என்று சொல்லிவைத்தேன். இதைக் கேட்டு அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். கியூஷூவில் எந்த ஊர் என்று சொல்லிவிடு, கேட்டால் உளறக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

போன வருஷம் மே மாதம் ஒரே ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த வெயிலில் கம்பளிக் கோட்டு, கழுத்துப்பட்டை. கையில் ஈரச் செய்தித்தாளில் சுற்றிய நாற்றுகள். மாமியார் ஓர் இலையைத் தடவி முகர்ந்து, லேசாக முகத்தைச் சுளித்து, இது என்ன கீரை என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன்.

"ஷிசோதாங்க" என்றார் அப்பா. "எங்க பக்கத்து ஷிசோ."

"அப்படியா? அப்ப எங்க ஷிசோ பக்கத்துலயே வச்சிடலாம். ரெண்டும் ஒரே ஜாதிதானே."

வைத்தார்கள். அப்பாவே தண்ணீர் ஊற்றினார்.

ரயில் நிலையத்தில்தான் வாய் திறந்தார். "நாளைக்கே பேத்து தள்ளி வச்சிடும்மா. பூ பூத்தா ரெண்டும் கலந்துடும். அப்புறம் அதுவும் இருக்காது, இதுவும் இருக்காது." சரிப்பா என்றேன். மறுநாள் மண்கரண்டியோடு போய் நின்றேன். ஏன் பிடுங்குகிறாய் என்று மாமியார் கேட்டால் என்ன சொல்வது? ஜூனிலும் போய் நின்றேன். ஜூலையிலும். செப்டம்பரில் இரண்டு வரிசையும் பூத்து, விதையை அங்கேயே உதிர்த்தன. மாத்தி வச்சிட்டியா என்று அப்பா போனில் கேட்டபோது, வச்சிட்டேன்பா என்றேன். டிசம்பரில் மார்ச்சளி முற்றி அப்பா போய்விட்டார். வீட்டைக் காலி செய்யும்போது அண்ணன் பதினேழு பெட்டிகளையும் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டான். விதைதான் உன்னிடம் இருக்கிறதே என்றான்.

வருஷ திதிக்கு எள்ளிலை நீதான் கொண்டுவர வேண்டும் என்பதையும் அவன்தான் சொன்னான். சோயா சாஸில் ஊறப்போட்டால் மாதக்கணக்கில் தாங்கும். அப்பா செய்கிற மாதிரியே பூண்டும் மிளகாயும் வைத்து அடுக்கினேன். ஊற ஊற வாசனை வந்துவிடும் என்று வெட்கமில்லாமல் நம்பினேன்.

அண்ணன் வீடு அதே சந்தில், எதிர்வரிசையில். அவன் ஜாடியைத் திறந்து முகர்ந்தான். இன்னொரு தடவை முகர்ந்தான்.

"எங்க நட்ட?"

"ஷிசோ பக்கத்துல."

"அப்பா சொல்லலயா?"

"சொன்னாருண்ணே."

அவன் கத்தவில்லை. எங்க பக்கத்து ஷிசோ என்று நாராவில் தான் சொன்ன பொய்யை அப்பா சந்து முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் என்றான். எனக்கு அது அதுவரை தெரியாது. படையலுக்குத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த அண்ணி, இது எள்ளிலையா என்று கேட்டாள். அண்ணன் நிமிரவில்லை.

"ஷிசோ" என்றான். "அவங்க பக்கத்து ஷிசோ."

செத்தவருக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதன்மேல் சாப்பாட்டுக் குச்சிகளை வைத்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும், அவர் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று; திரும்பக் கதவைத் திறக்குமுன் செருமி அவருக்குத் தெரிவிக்க வேண்டும். வைப்பது மூத்த மகன். அண்ணன் குச்சிகளை எடுத்தான். என் தட்டுக்கு மேலே அவன் கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நகர்ந்து, சுட்ட மீனின்மேல் வைத்தது.

சந்தில் வந்து நின்றோம். குளிர். எங்கிருந்தோ பசை நெடி. எதிர்ச் சுவரின் அடியில், பெட்டிகள் இருந்த இடத்தில், பதினேழு வெளுத்த சதுரங்கள். அண்ணன் கதவுக்கு முன்னால் எனக்கு முதுகைக் காட்டி நின்று, உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி மூன்று தடவை செருமினான்.