ஐந்தாவது கட்டம்

கோ-கோ ஆட ஒன்பது பேர் வேண்டும். எங்கள் பள்ளியில் நன்றாக ஆடுகிறவர்கள் எட்டுப் பேர். அதனால்தான் என்னைச் சேர்த்தார்கள். வருத்தம் உண்டா என்று கேட்டால், நிறையவே உண்டு.

எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஒருத்தி எதிராளியை விரட்டுவாள்; அவள் யார் முதுகைத் தொட்டு 'கோ' என்கிறாளோ அவள் எழுந்து விரட்ட வேண்டும், தொட்டவள் அந்த இடத்தில் உட்கார வேண்டும். என் இடம் ஐந்தாவது கட்டம். அங்கே உட்கார்ந்தால் எதிரே ராஜகிரி. காலையில் பாதி மலைதான் இருக்கும். மீதியை மேகம் வைத்திருக்கும். மேகம் நகர்கிறதா பாறை நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆரம்பத்தில் ஒரு நாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பூங்குழலி என் முதுகைத் தொட்டு "கோ" என்றாள். நான் எழுவதற்குள் எதிராளி கம்பத்தைத் தாண்டிவிட்டாள்.

"கண்ணத் தொறந்துக்கினே தூங்குறா சார் இவ."

பூங்குழலிதான் அணித் தலைவி. அன்றோடு சரி, என்னைத் தாண்டி அடுத்தவளுக்குத்தான் கோ கொடுப்பாள். அவளைப் பார்த்து மற்றவர்களும். ஆட்டத்தில் எல்லோரும் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். நான் மட்டும் ஐந்தாவது கட்டத்தில் மண்ணோடு மண்ணாக இருப்பேன்.

கோபம் வரும். வந்து என்ன செய்ய? கோ கிடைக்காமல் எழுந்தால் ஃபவுல். அதனால் கனவு கண்டேன். முதுகில் ஒரு கை விழும், நான் எழுந்து பறப்பேன். வகுப்பில், சாப்பிடும்போது, எப்போதும் அதே கனவு. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் ஓர் அம்மா "கொஞ்சம் நவுரும்மா" என்று முதுகைத் தொட, இரண்டடி ஓடியே விட்டேன். பூக்காரர் சிரித்தார்.

மாவட்டப் போட்டிக்குப் போவது யார் என்று முடிவாகும் ஆட்டம் வந்தது. எதிரணி அவலூர்பேட்டைப் பக்கத்துப் பெண்கள். கடைசி நேரம். நாங்கள் விரட்டுகிறோம். இன்னும் ஒருத்தியைத் தொட்டால் ஜெயித்துவிடுவோம். அந்த ஒருத்தியின் பெயர் அமிர்தவல்லி.

விரட்டுகிறவள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே குறுக்கே போகக் கூடாது, தப்பிக்கிறவள் போகலாம். அமிர்தவல்லி என்னை ஒட்டிப் புகுந்து என் எதிரே வந்தாள். எங்கள் பெண்கள் என்னை விட்டுவிட்டு ஏழாவது கட்டத்துக்கு ஓடிக் கோ கொடுப்பதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டாள். மறுபடியும் என்னை ஒட்டியே வந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெட்டிக்காரி கண்டுபிடித்துவிட்டாள். இந்த மைதானத்திலேயே பத்திரமான இடம் என் எதிர்தான்.

அங்கே நின்று நிதானமாக மூச்சு வாங்கினாள்.

"உன்ன யாரும் கூப்டவே மாட்டாங்களா?" என்றாள். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

கை நீட்டினால் தொட்டுவிடலாம். எனக்கு அழுகை வந்தது. எங்கள் விளையாட்டு ஆசிரியர் இளையபெருமாள் சார் ஏதோ கத்தினார். தண்ணீருக்குள் முங்கியிருக்கும்போது கரையில் பேசுவது கேட்குமே, அப்படிக் கேட்டது. மலைமேல் மேகம் விலகி, வெயில் பாறை பாறையாக இறங்கிக்கொண்டிருந்தது. ஓடுகிற கால்கள் எல்லாம் மிக மெதுவாக ஓடின.

முதுகில் ஒரு கை விழுந்தது. சூடான, வியர்த்த கை.

"கோ!"

கனவில் எத்தனையோ தடவை எழுந்து பறந்தவள், நிஜத்தில் திரும்பிப் பார்த்தேன். பூங்குழலி நின்றிருந்தாள்.

"எனக்கா?" என்று கேட்டேன்.

கேட்டு முடிப்பதற்குள் அமிர்தவல்லி போய்விட்டாள். விசில் ஊதிவிட்டார்கள். அந்த அணி கட்டிப்பிடித்துக் குதித்தது.

பூங்குழலி வாய்க்கு வந்தபடி திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கை என் முதுகை விட்டு அகலவில்லை.

"எனக்கான்னா கேட்ட?" குரல் உடைந்திருந்தது. "அப்படிக் கேக்கற மாதிரியாடி உன்ன வெச்சிருந்தோம்?"

மறுபடியும் என் முதுகில் தட்டினாள்.

"உனக்குத்தான்டி சுவாதி. ஓடு."

"ஆட்டம் முடிஞ்சிடுச்சுடி."

"ஓடுடி!"

எழுந்து ஓடினேன். துரத்த யாரும் இல்லை. ஆனாலும் முழு வேகத்தில் ஓடினேன். மண் காலடியில் மெத்தென்று இருந்தது. கம்பத்தைச் சுற்றித் திரும்பியபோது, பூங்குழலி ஆட்ட விதிப்படி என் கட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். மற்ற ஏழு பேரும் இன்னும் எழவில்லை. எட்டு முதுகுகள் காத்திருந்தன.

யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டே ஓடினேன்.