ஜட்ஜம்மாவின் இருபத்து மூன்று சதவிகிதம்

அந்தப் படகில் எட்டுப் பெண்கள் துடுப்பு வலித்தார்கள். ஒன்பதாவதாக ஒருத்தி பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடித்துக்கொண்டு கத்தினாள். வலித்த எட்டுப் பேரில் ஆறு பேருக்கு ஆஸ்துமா. நாடு முழுக்கச் சலித்து, நல்ல நுரையீரலாகப் பொறுக்கியெடுத்து, வருஷக்கணக்கில் ஊட்டி வளர்த்த உடம்புகள். அதில் முக்கால்வாசிக்கு மூச்சு முட்டுகிறது என்றால் அது தெய்வச் செயலாகத்தான் இருக்க வேண்டும். அணி மருத்துவர் அப்படித்தான் நம்பினார். சான்றிதழில் கையெழுத்துப் போட்டுப் போட்டு அவருக்குப் பேனாதான் தீர்ந்ததே ஒழிய நம்பிக்கை தீரவில்லை.

ஆறு பேரும் உறிஞ்சிய மருந்து, விளையாட்டில் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருந்தது. ஆனால் நோய் இருக்கிறது என்று நிரூபித்தால் ஊக்கமருந்துத் தடுப்பு ஆணையம் ஒரு விலக்குச் சீட்டுத் தரும். சீட்டு இல்லாமல் உறிஞ்சினால் குற்றம், சீட்டோடு உறிஞ்சினால் சிகிச்சை. வித்தியாசம் ஒரு முத்திரைதான்.

ஐந்தாம் இருக்கைக்காரியிடம் சீட்டு இல்லை. அந்த இல்லாமையை அவள் பதக்கம் மாதிரி மார்பில் மாட்டிக்கொண்டு திரிந்தாள். மற்றவர்கள் இன்ஹேலரை எடுக்கும்போது, "அம்மாடி, ஆஸ்பத்திரி கிளம்பிருச்சு!" என்பாள். அதனால் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவள் சுக்கான் பிடிப்பவள். ஆள் நாலே முக்கால் அடி, வாய் மட்டும் ஏழடி; அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஜட்ஜம்மாவுக்கும் மூச்சில் ஒரு சங்கதி இருந்தது. ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவார்கள். குளியலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குப் பின்னால் நின்று அரை மணி நேரம் இருமுவாள். அதை அவள் நோய் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. உழைப்பு என்று நினைத்தாள். கரையேறிய இரண்டாம் நிமிஷமே சிரித்துப் பேசுகிற மற்றவர்களைப் பார்க்கும்போது அவளுக்குள் ஒரு கணக்கு ஓடும்: பேச மூச்சு மிச்சமிருக்கிறவள் முழுசாக வலிக்கவில்லை. பதினைந்து வருஷமாக அந்தக் கணக்கில் அவள் மட்டும்தான் தேறிக்கொண்டிருந்தாள்.

பெரிய போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவள் ஆணையத்துக்கு எழுதினாள். மொட்டைக் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை அவள். கீழே பெயரும் இருக்கை எண்ணும் போட்டாள். ‘எங்கள் படகில் நோயாளிகள் அதிகம், நோய்தான் குறைவு. தயவுசெய்து மறுபடி சோதியுங்கள்.’

ஆணையம் தயவு செய்தது. எட்டுப் பேருக்கும் ஒரே நாளில் சோதனை.

சோதனைக்கூடத்தில் இருந்த பரிசோதகி சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவள். முதலில் ஒரு குழாயில் முழு மூச்சையும் ஊத வேண்டும். பிறகு ஈரமே இல்லாத காற்றை ஆறு நிமிஷம் வெறிபிடித்த மாதிரி இழுத்து விட வேண்டும். அப்புறம் மறுபடி ஊத வேண்டும். ஊதும் அளவு பத்து சதவிகிதம் விழுந்தால் நோய். விழாவிட்டால் ஆரோக்கியம், அதாவது சீட்டு ரத்து.

"வேணும்னே மெல்ல ஊதிட்டா?" என்று கேட்டாள் ஜட்ஜம்மா, வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி.

"ஊதிப் பாருங்களேன். திரையில கோடு குட்டிக்கரணம் போடும். நான் பதினோரு வருஷமா இந்தக் கோட்டத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன், பொய் சொல்றவங்க மூச்சு எனக்கு மாமியார் மாதிரி. வாசல்லயே தெரிஞ்சிடும்."

ஜட்ஜம்மா திருப்தியோடு மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டாள். ஆறு நிமிஷம் இழுத்தாள். ஊதினாள். ஐந்து நிமிஷம் கழித்து ஊதினாள். பத்து நிமிஷம் கழித்து ஊதும்போது பழைய விசில்காரன் வந்துவிட்டான். வழக்கம்போல அவள் எழுந்து குளியலறையைத் தேடினாள்.

"எங்க போறீங்க? உக்காருங்க."

"ஒண்ணுமில்ல. எனக்கு எப்பவும் இப்படித்தான். நல்லா உழைச்சா வரும்."

பரிசோதகி திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இருபத்து மூணு சதவிகிதம் விழுந்திருக்கு. இன்னிக்கு வந்ததுலயே நீங்கதான் முதல்."

வாழ்க்கையில் எத்தனையோ முறை ஜட்ஜம்மா முதலிடம் வாங்கியிருக்கிறாள். இப்படி வாங்கியது இதுதான் முதல் தடவை.

ஆறு பேரில் மூன்று பேருக்கு நோய் நிஜம். மூன்று பேருக்கு இல்லை. இல்லாத மூவரில் ஒருத்தி பெரியக்கா, படகின் தாளத்தை நிர்ணயிக்கிற முதல் துடுப்புக்காரி. அணியில் மூத்தவள் என்பதால் எல்லாருக்கும் அக்கா. மூவரின் சீட்டும் ரத்தானது. மறுநாள் உடைமாற்றும் அறையில் பெரியக்கா தன் இன்ஹேலரைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"என் சீட்டைக் கிழிச்சுட்டு, அந்த இடத்துல நீ ஒட்டிக்கப் போறியா? பலே."

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது."

"அதேதான் நானும் சொல்றேன். டாக்டர் ஆஸ்துமான்னார், இருக்கும்னு நம்பினேன். நீ இல்லன்னு நம்பின. ரெண்டு பேருமே நம்பினவங்கதான். ஆனா நான் ஊரக் கூட்டி உன்னத் திட்டல பாரு."

கடுகு இடையில் புகுந்தாள். "அக்கா, ஒண்ணு கவனிச்சீங்களா? நீங்க மூணு பேரும் மருந்த விட்டு இன்னிக்கு வலிச்சீங்க. நேரம் அதே நேரம். அரை நொடி கூட மாறல. இத்தன வருஷம் வெறுங்காத்த உறிஞ்சிருக்கீங்க!"

யாரும் சிரிக்கவில்லை. திருட்டுப் பட்டம் வாங்கியதைவிட, திருடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான் பெரியக்காவுக்கு அதிகமாக வலித்ததாக முகம் சொல்லிற்று.

அணி மருத்துவர் ஜட்ஜம்மாவை உட்கார வைத்துச் சொன்னார்: "இந்த அளவுக்கு மூச்சு விழற ஆளை மருந்தில்லாம படகுல ஏத்த முடியாது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும். சீட்டுக்கு விண்ணப்பம் போடு, இல்லன்னா இறங்கிடு. பேர்ப்பட்டியல் மூடறதுக்கு ரெண்டு வாரந்தான் இருக்கு."

விண்ணப்பத்தை அவள் வீட்டுச் சமையலறை மேசையில் விரித்தாள். ‘அறிகுறிகள் எப்போது தொடங்கின?’ அம்மாவிடம் தொலைபேசியில் பேசினாள்.

"அம்மா, சின்ன வயசுல எனக்கு இழுப்பு இருந்ததா?"

"இருந்தது. ஆறு வயசு வரைக்கும் உன்ன மடியில நிமித்தி வச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன்."

"ஏன் சொல்லவே இல்ல?"

"சொல்லியிருந்தா நீ நோயாளி ஆயிருப்ப. சொல்லாததால சாம்பியன் ஆயிட்ட. இப்ப எதுக்கு என்னக் குடையற?"

தாய்ப்பாசத்தின் இந்தத் தர்க்கத்துக்கு மறுப்பு எழுத எந்த ஆணையத்தாலும் முடியாது. அவள் அடுத்த வரிக்குப் போனாள். ‘இம்மருந்து எனது இயல்பான உடல்நிலையை மீட்பதற்கு மேல் எந்த ஆதாயமும் தராது என உறுதி அளிக்கிறேன்.’

பேனா அங்கே நின்றுவிட்டது. எது இயல்பு? விசிலோடும் குழாயடி இருமலோடும் பதினைந்து வருஷம் இருந்தாளே, அதுவா? மருந்தை உறிஞ்சிய பிறகு வரப்போகிற, அவள் இதுவரை சந்தித்தே இராத ஒருத்தியா? சோதனை முடிந்த அன்று மருந்தை ஒரே ஒரு தடவை கொடுத்துப் பார்த்திருந்தார்கள். நெஞ்சு ஒரு கதவு மாதிரித் திறந்தது. மற்றவர்கள் எல்லாரும் பிறந்ததிலிருந்து இந்த வீட்டில்தான் இருந்தார்களா என்று பொறாமையாக இருந்தது. உடனே பயமும் வந்தது. இனி அவள் வேகமாக வலித்தால், "பாத்தியா, மருந்து" என்பார்கள். சொல்லப் போகிறவர்களுக்கு அந்த வசனத்தை மனப்பாடம் செய்து கொடுத்தவளே அவள்தான்.

விலகிவிடலாம். ‘மருந்தைத் தொடாமல் ஒதுங்கினாள்’ என்று கௌரவமாக ஒரு பேச்சு இருக்கும். அந்தப் பேச்சை அவள் வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் மென்று பார்த்தாள். இனித்தது. இனித்ததாலேயே சந்தேகம் வந்தது. பதினைந்து வருஷமாக அவள் உறிஞ்சியது இதைத்தானே. இதற்கு எந்தப் பட்டியலிலும் தடை இல்லை.

கையெழுத்துப் போட்டாள். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: ‘இதுவரை விண்ணப்பிக்காததற்குக் காரணம்.’ கட்டம் தீப்பெட்டி அளவுதான். ஒரே சொல் எழுதினாள்: ஆணவம்.

மருத்துவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது என்னம்மா? ‘கண்டறியத் தாமதம்’னு எழுது. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"எல்லாரும் எழுதறத எழுதித்தான் சார் நம்ம படகுல ஆறு ஆஸ்துமா வந்தது."

அவர் விண்ணப்பத்தை அப்படியே ஆணையத்துக்கு அனுப்பிவிட்டார்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. ஆணையத்துக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்பது ஊரறிந்தது. ‘விண்ணப்பம் முழுமையாக இல்லை. குறிப்பிட்டுள்ள காரணத்துக்கு உரிய சான்றை நான்கு நாட்களுக்குள் இணைக்கவும்.’

ஜட்ஜம்மா அதைப் படகுக் கொட்டகையில் எல்லார் முன்னாலும் படித்தாள். படித்து முடித்ததும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் எழுதுனது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா எழுதும்போது எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தது. அதுதான் தப்பு." பிறகு வெளியே போய்த் துடுப்புகளைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்து ஒரு வாரம் கூட ஆகாத துடுப்புகள்.

உள்ளே வெகுநேரம் பேச்சுச் சத்தம் கேட்டது. ஒரு தடவை கடுகு கத்தினாள், "ஆணவத்துக்கு எத்தன சுழிக்கா?" இன்னொரு தடவை எல்லாரும் சிரித்தார்கள். பெரியக்கா சிரித்தாளா என்று அவளுக்குப் பிரித்துக் கேட்கத் தெரியவில்லை.

பெரியக்காதான் தாளை எடுத்து வந்தாள். முகத்தில் சமாதானம் ஒன்றும் இல்லை. "பிடி. உனக்காக இல்ல. அஞ்சாவது இருக்கைக்குப் புதுசா ஒருத்தியப் பழக்க எனக்கு இடுப்புல தெம்பு இல்ல."

தாளில் கடுகின் கோணல் எழுத்து: ‘மேற்படி விண்ணப்பதாரிக்கு ஆணவம் இருந்தது, இருக்கிறது என்று சான்றளிக்கிறோம். நான்கு வருடங்களாக ஒரே படகில் அருகிருந்து பார்த்தவர்கள் என்ற முறையில் இதில் எங்களுக்கு எந்த ஐயமும் இல்லை. சிகிச்சை அளித்தால் குறையலாம் என நம்புகிறோம்.’ கீழே எட்டுக் கையெழுத்து. முதல் கையெழுத்து பெரியக்காவுடையது.

ஜட்ஜம்மா இரண்டு தடவை படித்தாள். கண் கலங்கியது. மூன்றாம் தடவை படிக்கும்போது பேனாவைத் திறந்தாள்.

"இப்ப என்னடி?" என்றாள் பெரியக்கா.

"நாலு வருஷம் இல்லக்கா, ஆறு வருஷம்" என்று சொல்லி, அடித்துத் திருத்தி, ஓரத்தில் சுருக்கக் கையெழுத்தும் போட்டாள்.