அக்கா போய்வந்த மதியம்

அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து அக்கா அவர் முதுகில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. எடுத்துக் கேட்டு, "சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள். கையைத் துண்டில் துடைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"யாரு?" என்றான் தம்பி.

"நர்சிங் கவுன்சில்லருந்து. இன்னைக்கு லேப் மூடுறதுக்குள்ள வந்து யூரின் குடுக்கணுமாம்."

தம்பி அப்பாவைப் பார்த்தான். காலையிலிருந்தே மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அக்கா ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்தவள். ஒரு நோயாளியைத் தூக்கப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆள் பற்றாக்குறை, லீவு கிடைக்கவில்லை. ஊசி போட்டு மிஞ்சிய வலி மருந்தை ஒருநாள் தனக்கே போட்டுக்கொண்டாள். பிறகு வலி இல்லாத நாட்களிலும் போட்டுக்கொண்டாள். பிடிபட்டதும் நர்சிங் கவுன்சில் லைசென்ஸை நிறுத்திவைத்தது. சிகிச்சை முடிந்து வந்தவள் இப்போது ஒரு பேக்கரியில் பில் போடுகிறாள். மருந்தைத் தொடவில்லை என்று காட்ட, கவுன்சில் கூப்பிடும்போதெல்லாம் போய்ச் சோதனை கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் கடைசி விசாரணை.

"அப்பா இப்படி இருக்காருன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எத்தனையோ பேர் அதைப் பொய்யாச் சொல்லியிருக்காங்க. போகலைன்னா ஃபெயில்னுதான் எழுதுவாங்க." அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "எழுதிட்டுப் போகட்டும்டா. நான் போகல."

தம்பியின் கண் அவனை அறியாமல் அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியது. அப்பாவின் மார்ஃபின் சிரப் அதற்குள் பூட்டியிருந்தது. சாவி அவன் சட்டைப்பையில். அக்கா அந்தப் பார்வையைக் கவனித்துவிட்டாள். கீழே கிடந்த தலையணையை எடுத்துத் தட்டினாள்.

"பெரியவளே." அப்பா கண் திறக்காமலே கூப்பிட்டார். "போயிட்டு வா."

"அப்பா, நான் வர்றதுக்குள்ள..."

"ஒண்ணுக்குப் போகக்கூட நல்ல நேரம் பாப்பியா? போ."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கும் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அப்பாவின் நெற்றியில் கை வைத்தாள். தம்பியிடம் திரும்பி, "முனகினா மருந்து குடு. தலையைக் கொஞ்சம் தூக்கி, கன்னத்தோரமா சொட்டுச் சொட்டா விடு. அவசரப்படாத" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

சற்று நேரத்தில் அப்பா முனகினார். தம்பி அவள் சொன்னபடியே செய்தான். கொஞ்சம் தாடையில் வழிந்தது. மேலோட்டமாகத் துடைத்துவிட்டான்.

"பஸ் கெடைச்சிருக்குமா?" என்றார் அப்பா. காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவர்.

"கெடைச்சிருக்கும்பா. இந்நேரம் பாலத்துக்கிட்ட போயிருக்கும்."

"பாலத்துல... மெதுவாத்தான் போவான்."

"ஆமா. இப்ப பாலம் தாண்டியாச்சு. ஸ்கூல் ஸ்டாப்பு."

அப்பாவின் வலது கால் போர்வைக்குள் லேசாக அசைந்தது. பிரேக்கை மிதிக்கிறாரோ என்று தோன்றியது. தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டே போனான். சந்தை, தபாலாபீஸ், ரயில்வே கேட். கேட் மூடியிருக்கிறது என்றான். பிறகு திறந்துவிட்டார்கள் என்றான். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது.

"எறங்கிட்டாப்பா" என்றான். "ரோட்டைத் தாண்டுறா. லேப்புக்குள்ள போயிட்டா."

அதற்கடுத்த மூச்சு வரவில்லை. தம்பி வெகுநேரம் காத்திருந்தான். போன் கையில்தான் இருந்தது. வேலை முடியட்டும் என்று அவளைக் கூப்பிடாமலே இருந்தான். டாக்டருக்கு மட்டும் சொன்னான்.

அக்கா வந்தபோது அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவள் எதுவும் கேட்காமல் அவனைத் தாண்டி உள்ளே போனாள். அழுகைச் சத்தம் கேட்கவில்லை. அவன் எழுந்து போய்ப் பார்த்தபோது அப்பாவின் காலடியில் நின்றிருந்தாள்.

"எப்போடா?"

"நீ லேப்புக்குள்ள போனதும்."

அவனுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "வெந்நீர் போடு" என்றாள்.

முகத்தில் தொடங்கி, காதுமடலின் பின்புறம், விரலிடுக்குகள் என்று துடைத்துக்கொண்டே வந்தாள். "அப்பா, கையைத் தூக்குறேன்", "அப்பா, இந்தப் பக்கம் திருப்புறேன்" என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவரிடம் சொன்னாள். தாடையில் காய்ந்திருந்த மருந்துக் கறையையும் துடைத்தாள். அவள் நர்ஸாக வேலை செய்து தம்பி பார்த்ததே இல்லை. அவளுடைய கைகள் எங்கேயும் தயங்கவில்லை.

டாக்டர் வந்து பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். தம்பி அலமாரியைத் திறந்து மிச்ச மருந்தை எடுத்து அவரிடம் ஒப்படைத்தான். அவர் கிளம்பும்போது கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். "நல்லாப் பண்ணியிருக்கீங்க. எந்த ஆஸ்பத்திரிலம்மா வேலை பாக்குறீங்க?"

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "லைசென்ஸை நிறுத்தி வெச்சிருக்காங்க சார். வலி மருந்தை எடுத்தேன். அடுத்த வாரம் விசாரணை."

டாக்டர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "விசாரணைக்குக் கூட யாரு வர்றாங்க?" என்றார்.

"நான் போறேன்" என்றான் தம்பி. அக்கா அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

அவர் போனதும் அழுக்குப் போர்வையைப் பின்கட்டில் அலசினார்கள். கனமாக இருந்தது. அக்கா ஒரு முனையைப் பிடித்தாள், தம்பி மறுமுனையைப் பிடித்தான். அவள் ஒரு பக்கம் முறுக்க, அவன் எதிர்ப்பக்கம் முறுக்கினான். தண்ணீர் கொட்டியது.

"இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்றாள் அக்கா.

இறுக்கினான். இன்னும் கொஞ்சம் தண்ணீர் வந்தது.