லிஃப்ட்காரர் மனைவியின் நடை

புராஸ்டேட் அறுவை முடிந்த மறுநாள் காலை லிஃப்ட்காரர் கட்டிலில் படுத்திருக்க, அவருடைய மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் கடைசி ஜன்னல்வரை நடந்து திரும்பினாள். அவருக்கு வயிற்றில் கட்டியிருந்த காற்று பிரிந்தது. நர்ஸ் நடக்கச் சொன்னது என்னவோ அவரைத்தான். "எழுந்து நடங்க ஐயா, படுத்தே கிடந்தா காலுல ரத்தம் கட்டிக்கும்" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் அலுவலக லிஃப்டில் முக்காலி போட்டு உட்கார்ந்தே வேலைக்காலத்தை ஓட்டிய மனிதர் அவர். மூத்திரப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு பேர் பார்க்க நடப்பதாவது! மின்கட்டண வரிசைக்கும், மகனின் பள்ளிக்கூடத்துக்கும், தன்னைப் பெற்றவளின் கடைசிக் காலப் பணிவிடைக்கும் அவளை அனுப்பிய அதே வாயால், "நீ போய்ட்டு வந்துடேன்" என்றார். அவளும் பழக்கதோஷத்தில் போய்விட்டு வந்தாள். டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, யார் நடந்தால் என்ன, தினமும் நடக்கட்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

மூத்திரக் குழாயை எடுத்த பிறகு அவருக்குச் சிறுநீர் கசிந்தது. அவள் தெருவைச் சுற்றி வந்தபோதெல்லாம் கசிவு நின்றது. முட்டி வலிக்கிறதென்று அவள் உட்கார்ந்த அன்று அவர் துணி நனைந்தது. தெருவே அவளைக் கண்காணிக்கத் தொடங்கியது. "என்னக்கா உக்காந்துட்டீங்க? பாவம் அவரு, ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுங்க" என்பாள் எதிர்வீட்டுக்காரி. வெளியூர் மகன் போனில், "அம்மா, இன்னைக்கு நடந்தியா?" என்று மட்டும் கேட்பான். அவளுடைய முட்டி வீங்கிக்கொண்டே போனதை ஏனென்று கேட்க நாதியில்லை.

ஒருநாள் அவளால் கட்டிலைவிட்டு இறங்கவே முடியவில்லை. "இன்னைக்கு ஒரு நாள் நீங்க நடங்களேன்" என்றாள். அவர் முனகிக்கொண்டே வாசல்வரை போனார். அவளுக்கு முட்டி இளகியது. காலை நீட்டி மடக்கிப் பார்த்தவள் கத்தியேவிட்டாள்: "ஏங்க, எனக்கு வலி குறையுதுங்க! இன்னும் கொஞ்சம் நடங்க!" அவர் நின்று தன் துணியைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது. "எனக்கு ஒண்ணும் நிக்கலையே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ விழுங்கியவள், அன்றைக்கு வாய்விட்டு அழுதாள். அழுது முடித்துச் செருப்பைக் குப்பையில் போட்டாள். மகன் வந்து கத்திப் பார்த்தான், எதிர்வீட்டுக்காரி புத்தி சொன்னாள். அவள் அசைந்து கொடுக்கவில்லை. அதற்குப் பிறகும் இருவரும் வெகுகாலம் உயிரோடிருந்தார்கள். ஒருவர் நடந்தால் மற்றவர் தேறிவிடுவார் என்று தெருவுக்கே தெரியும், அவர்களுக்கும் தெரியும். அவர் தன் துணியைத் தானே மாற்றிக்கொண்டு இந்த நாற்காலியில் இருப்பார். அவள் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு அந்த நாற்காலியில் இருப்பாள். வாசல் கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கும்.