ஜன்னலோரம் நின்று படமெடுக்கவும்

அம்மாவின் தோளுக்குப் பின்னால் இருந்த மச்சம் நவம்பர் கடைசியில் கறுத்து, விளிம்பு கோணலாகிவிட்டது. நார்வேயின் வடகோடியில் இருக்கும் எங்கள் வார்டோவில் தோல் மருத்துவர் கிடையாது. ஊர் மருத்துவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆப்ல படம் போடுங்க, தோல் டாக்டர் பார்த்துச் சொல்வார்" என்று அனுப்பிவிட்டார்.

படமெடுக்கும் வேலை எனக்கு. பள்ளியை விட்டு நின்றவள், வீட்டில் சும்மா இருப்பவள் வேறு யார்?

செயலி அழகாகத்தான் இருந்தது. இளநீலம், பெரிய எழுத்து, சிரிக்கும் முகம். "பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று படமெடுக்கவும்." எடுத்தேன். "வெளிச்சம் போதாது. மீண்டும் முயலவும்." சமையலறை விளக்கின் கீழ் எடுத்தேன். "இது பகல் வெளிச்சம் அல்ல." ஃபிளாஷைப் போடவே விடவில்லை. பதினொரு நாள் முயன்றேன். ஒவ்வொரு தடவையும் அதே சிரிப்பு.

மச்சத்தில் ரத்தம் கசிந்த அன்று அம்மா உதவி எண்ணை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள். ஆஸ்லோவிலிருந்து சிந்த்ரே என்று ஒருவன் பேசினான்.

"பகல்ல எடுங்க. ரொம்ப ஈஸிங்க."

"பகல்தான் தம்பி. மணி பன்னெண்டு."

"அப்போ திரைச்சீலைய விலக்குங்க."

"விலக்கிட்டு? நிலாவைக் கூப்பிடவா? இங்க சூரியன் ஜனவரி நடுவுலதான்பா வரும்."

"ஓ... அதுவரைக்கும் பொறுத்துக்க முடியுமா?"

இதே நாட்டுக்காரன்தானே அவனும்?

அம்மாவை அவள் வேலை செய்யும் மீன் ஆலைக்கு இழுத்துப் போனேன். மீன் துண்டில் புழு இருக்கிறதா என்று பார்க்கும் மேசைக்கு மேல் வெள்ளை வெளேரென்று விளக்குகள் எரியும். அம்மா ஸ்வெட்டரைக் கழற்றி நடுங்கிக்கொண்டு குனிந்தாள்.

"என்னடி, உங்கம்மா டோர்பியோர்கையும் துண்டு போடப் போறோமா?" என்றாள் கூட வேலை பார்க்கும் குன்வோர். சொல்லிக்கொண்டே தன் கோட்டால் அம்மாவை மறைத்து நின்றாள்.

"அருமையான பகல் வெளிச்சம்!" என்றது செயலி.

இரண்டு மணி நேரத்தில் டிராம்ஸோவில் இருக்கும் பெரிய மருத்துவமனையிலிருந்து தோல் மருத்துவர் கூப்பிட்டார். "இந்த வாரமே வாங்க, வெட்டி எடுக்கணும். ஏங்க இவ்வளவு நாள் அனுப்பாம இருந்தீங்க?"

"மன்னிச்சுக்கங்க டாக்டர்" என்றாள் அம்மா.

அந்நியரிடம் ஃபோனில் ஒரு வார்த்தை பேசாதவள் நான். அம்மாவிடமிருந்து அதைப் பிடுங்கினேன்.

"அவங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? பதினொரு நாளா அனுப்பினோம், உங்க ஆப்தான் வாங்கல. ஏன்னு சொல்றேன், எழுதிக்கங்க."