விஷம் என்று சொன்னவள்

மர்மச் சாவுகளைப் பற்றிய புத்தகம் கிடைத்துவிட்டால் எவலினுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பூட்டிய அறைக்குள் செத்துக் கிடந்தவன், கலியாண விருந்தில் பாயசம் குடித்துச் சாய்ந்தவள் என்று தேடித் தேடிப் படிப்பாள். கொன்றது யார் என்பதைவிட எப்படிச் செத்தார்கள் என்பதில்தான் அவளுக்கு ருசி. பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் கடையில் சுற்றுலா வருகிறவர்களுக்குத் தேத்தூள் விற்கிற வேலை. கூட்டம் குறைந்தால் கல்லாவுக்கு அடியில் புத்தகம் விரிந்துவிடும்.

"நீ ஆக்குற சோத்த சாப்பிடவே பயமா இருக்குலா," என்பான் கணவன் டொனால்ட்.

தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் அடுத்த வீடு அமிர்தலிங்கத்துடையது. பக்கத்து ஊரான திரிங்காப்பில், கோபிஸ் என்று அங்கே சொல்லும் முட்டைக்கோஸைப் போட்டிருந்தார். ஒரு நாள் மதியம் கோஸ் தோட்டத்துக் கொட்டகையில் அவர் சாய்ந்து கிடந்ததை வேலையாட்கள் பார்த்து, லோரியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உயிர் போயிருந்தது.

மற்றப் பெண்களோடு எவலினும் ஓடினாள். கூடத்தில் கிடத்தியிருந்தவரின் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. வாயோரம் நுரை காய்ந்திருந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்குள் ஓடியது துக்கம் இல்லை. கதையின் முடிச்சு கைக்கு அகப்பட்டது போன்ற ஒரு பரபரப்பு. பக்கத்தில் நின்ற விக்னேஸ்வரியின் காதருகே குனிந்தாள்.

"உதட்ட பாத்தியா? இது நெஞ்சுவலி இல்ல. பூச்சி மருந்து."

"ஐயோ, எப்படிச் சொல்ற?"

"எத்தன புக்குல படிச்சிருக்கேன். நேத்து சாயங்காலம்கூட ரெண்டு பேருக்கும் ஒரே சண்டை. செவுத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சி."

அவ்வளவுதான் சொன்னாள். அமிர்தலிங்கத்தின் மனைவி நீலாவதியின் பெயரை எடுக்கவேயில்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றி முடிப்பதற்குள் பேச்சு வாசலில் நின்ற ஆண்டியப்பனை எட்டிவிட்டது. அவன் இறந்தவரின் தம்பி. விறுவிறுவென்று உள்ளே வந்தான்.

"அண்ணி, காலையில அண்ணனுக்கு என்னா குடுத்தீங்க?"

நீலாவதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தோசையும் கோப்பியும்தான் தம்பி. ஏன்?"

ஆண்டியப்பன் போலிசுக்குப் போனான். இறுதிச் சடங்கு நின்றது. உடலை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அமிர்தலிங்கம் குடித்த கோப்பிக் கோப்பையைப் போலிஸ்காரர் ஒரு பிளாஸ்டிக் பையில் வாங்கிக்கொண்டதை லயமே நின்று வேடிக்கை பார்த்தது. இப்படிப்பட்ட காட்சியை எவலின் எத்தனையோ தடவை படித்திருக்கிறாள். கோப்பையை நீட்டுகிறவள் கழுவித் தரவா என்று கேட்பாள் என எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இருதயக் குழாய் அடைத்துச் செத்தார் என்றுதான் ஆஸ்பத்திரி சொன்னது. விஷத்துக்கான சோதனை முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. அதிலும் ஒன்றும் இல்லை. ஆனால் அண்ணனுக்குக் கொள்ளி வைத்த கையோடு போன ஆண்டியப்பன் அண்ணி வீட்டு வாசலை மறுபடி மிதிக்கவில்லை.

எவலினுக்குச் சோறு இறங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லாதது அவளை வாட்டியது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்த கையோடு அடுத்த வீட்டில் போய் நின்றாள். நீலாவதி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னிக்கி மருந்துன்னு மொதல்ல சொன்னது நான்தான்."

"தெரியும். விக்னேஸ்வரி சொல்லிட்டா."

"சண்டை கேட்டுச்சிக்கா. அதான்..."

"சத்தம் கேட்டுச்சி. என்னா பேசினோம்னு கேட்டியா?" நீலாவதி தலை நிமிரவில்லை. "நெஞ்சு இறுக்குதுன்னாரு. கிளினிக்குப் போங்கன்னு கத்தினேன். கோபிஸ் ஏத்த லோரி வருது, அப்புறம் போறேன்னாரு. அதுதான் சண்டை."

எவலின் விம்மி அழுதாள். நீலாவதி தேற்றவில்லை.

"அழாத. அத வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது? யார் யாருகிட்ட சொன்னியோ, அவங்ககிட்டலாம் போயி இல்லன்னு சொல்லு."

எவலின் வீடு வீடாக ஏறி இறங்கினாள். காற்றாகப் பறந்த பேச்சைத் திருப்பி எடுப்பது லேசாக இல்லை. "சும்மாவா போலிஸ் கோப்பைய எடுத்துட்டு போவான்?" என்றாள் ஒருத்தி. "ஒனக்கு எளகின மனசுலா," என்று இன்னொருத்தி கையைத் தட்டிக் கொடுத்தாள். விக்னேஸ்வரிதான் நேராகக் கேட்டாள்.

"நீதானே உதடு நீலம்னு சொன்ன?"

"நெஞ்சு அடைச்சாலும் நீலமாகும், நுரையும் வரும்."

"அப்ப அன்னிக்கே ஏன் சொல்லல?"

 அதையும் எவலின் படித்துத்தான் இருந்தாள், அதே புத்தகங்களில். சாதாரணச் சாவாகப் போய்விடுமே என்று அவள் மனம் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

நீலாவதி கோஸ் தோட்டத்தைத் தானே பார்க்கத் தொடங்கினாள். மாதங்கள் ஓடின. எவலினின் கடைக்குத் திரிங்காப்பிலிருந்து கங்கா என்ற பெண் புதிதாக வேலைக்கு வந்தாள். ஒரு நாள் கடை வாசலைத் தாண்டி நீலாவதி நடந்து போவதைப் பார்த்ததும் கங்கா குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, அந்தம்மாவ தெரியுமா? புருசனுக்குக் கோப்பியில மருந்து கலந்து குடுத்தவங்களாம். செத்தவர் கையில அவங்க தலைமுடி சிக்கி இருந்துச்சாம்."

தலைமுடி எவலின் சொன்னது இல்லை. வழியில் யாரோ சேர்த்திருந்தார்கள்.

"யாரு சொன்னா?"

"எங்க பக்கம் எல்லாரும்தான். பக்கத்து வீட்டுல யாரோ படிச்ச பொம்பள கண்ணால பாத்தாங்களாம்."

"அது நான்தான் கங்கா. நான் ஒண்ணுமே பாக்கல."

கங்கா சிரித்தாள். எவலினின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அவரு நெஞ்சடைப்புல செத்தாரு," என்று எவலின் சொல்லத் தொடங்கினாள். கங்காவின் முகத்தில் இவ்வளவுதானா என்ற ஏமாற்றம் படர்ந்தது. அந்த ஏமாற்றம் எவலினுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. ஆனாலும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள்.