பீரங்கிக்காரனுக்கு அடித்த மணி

ஊர் சரணடைந்த அன்று காலையில் தேவாலயத்தில் மணி அடிக்கும் மணிக்காரிக்கு இரண்டு சேதி வந்தன. இரண்டுமே வயிற்றெரிச்சல்.

கோட்டைச் சுவரில் நின்று பீரங்கி சுட்டு, நேற்று எதிரியின் குண்டுக்குப் பலியான அவள் தம்பிக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று தலைமைக் குரு சொல்லிவிட்டார். அது ஒன்று. ஜெயித்த படையின் பீரங்கிக்காரன் தேவாலயத்து மணியை இறக்கிக்கொண்டு போக வருகிறான். அது இன்னொன்று. பீரங்கிக்குப் பணிந்த ஊரின் மணி பீரங்கிக்காரனுக்குச் சொந்தம் என்பது அந்தக் காலத்துப் போர் வழக்கம். அதை உருக்கிப் புதுப் பீரங்கி வார்த்துக்கொள்வான்.

மணி போனால் போகட்டும், தம்பிக்கு அடித்துவிட்டுப் போகட்டும் என்று அவள் நேரே குருவின் அறைக்குப் போனாள். அவர் வெள்ளிப் பாத்திரங்களைத் துணியில் சுற்றி ஒளித்துவைக்கும் மும்முரத்தில் இருந்தார்.

"வெடிமருந்தத் தொட்டவன் பிசாசுக்குக் கூட்டாளி. அவனுக்கு மணியும் கிடையாது, மண்ணும் கிடையாது" என்றார்.

"இத்தனை நாளும் அந்தப் பிசாசு முதுகுக்குப் பின்னாடிதானே சாமி ஒளிஞ்சிருந்தீங்க? அவன் பீரங்கிக்குத் தீர்த்தம் தெளிச்சது யாரு?"

"அது பீரங்கிக்கு. பீரங்கிக்காரனுக்கு இல்ல."

இதைச் சொல்லும்போது அந்த மனுஷனுக்கு முகத்தில் துளி வெட்கம்கூட இல்லை. மணிக்காரிக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. இவரிடம் பேசிப் புண்ணியமில்லை என்று வெளியே வந்தாள்.

அந்த ஊரில் ஒரு முறை உண்டு. சாவு மணி அடித்துவிட்டால், யாருக்கு அடித்தார்களோ அவருக்குக் குழி வெட்டியே ஆக வேண்டும். குருவே நினைத்தாலும் தடுக்க முடியாது. ஆனால் குழி மூடும்வரை மணி ஓயக் கூடாது. நடுவில் ஓய்ந்தால் உடம்பைக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும்.

தம்பியின் பீரங்கிப் பட்டறைக்குப் போனாள். அங்கே தம்பி பெண்டாட்டி, வெடிமருந்துப் பீப்பாய்களுக்கு நடுவே பலகை மேல் கிடந்த புருஷனின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். 

"எந்திரிடீ. தெருப் பொம்பளைங்களக் கூப்பிட்டுப் பலகையோட தூக்கிட்டு வா. நான் மேல ஏறுறேன்."

"சாமி விடமாட்டாரே அண்ணி?"

"அவர் முட்டிக்கு மணிக்கூண்டுப் படி ஏற முடியாது. நீ வா."

மணிக்கூண்டில் ஏறிக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள். முற்றுகை முழுக்க வாயைக் கட்டிப் போட்டிருந்த மணி முதலில் முனகியது. பிறகு அடித்தது பாருங்கள், கூரையில் இருந்த புறா ஒன்று பாக்கியில்லாமல் பறந்தது! கீழே குரு கத்துவது கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தாள். குழி வெட்டுகிற கிழவர் மண்வெட்டியோடு தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டார். குரு குறுக்கே போய் நின்றார்.

"மணி அடிச்சா வெட்டுவேன், குழிய மூடுவேன். மத்ததெல்லாம் உங்க பாடு, அவங்க பாடு. தள்ளுங்க சாமி, காலு போயிடப் போவுது" என்றார் கிழவர்.

குழி இடுப்பளவு இறங்கியபோது படியில் தடதடவென்று காலடி கேட்டது. மணியை இறக்க உருளையும் வடமுமாக நாலு ஆட்கள். அவர்களுக்கு முன்னால், வெடிமருந்து சுட்டுப் புருவமே இல்லாத ஒருவன். ஜெயித்தவர்களின் பீரங்கிக்காரன்.

"கயித்த விடும்மா. மணி என்னுது."

"உன்னுதுதான், யாரு இல்லன்னா? குழிய மூடினதும் எடுத்துக்கோ."

"சாயங்காலத்துக்குள்ள படை கிளம்புது. விடு!"

அவன் ஆள் ஒருவன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"கையை வெட்டிட்டு எடுத்துட்டுப் போ. அதுவரைக்கும் அடிப்பேன்."

"அப்படி யாரு செத்துட்டான், ராஜாவா?"

"என் தம்பி. வடக்குச் சுவர்ல பீரங்கி சுட்டவன்."

புருவமில்லாதவன் ஆளின் கையைத் தட்டிவிட்டான். "என் பீரங்கி வண்டிச் சக்கரத்த ஒரே குண்டுல உடைச்சவனா? பீரங்கிக்காரனுக்கா மணி அடிக்கிறாங்க இந்த ஊர்ல?"

"அடிக்க மாட்டாங்க. நான் அடிக்கிறேன்."

அவன் கொஞ்ச நேரம் அவள் கையையே பார்த்தான். கயிறு அறுத்து ரத்தம் முழங்கைக்கு வழிந்துகொண்டிருந்தது. "உட்காருங்கடா" என்று ஆட்களிடம் சொல்லிவிட்டுத் தானும் படியில் உட்கார்ந்தான். பிறகு, மணிச் சத்தத்துக்கு மேல் கத்தினான்: "எங்க ஊர்லயும் எங்களுக்கு அடிக்க மாட்டாங்க. எனக்கும் சேர்த்து ரெண்டு அடி அடியேன்."

"போய்யா! அவனக் கொன்னது உன் குண்டு. உனக்கு வேணும்னா உன் அக்காகிட்ட கேளு."

அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

பலகை வந்தது. எட்டுப் பெண்கள் சுமந்து வந்தார்கள். தம்பியை இறக்கினார்கள். தம்பி பெண்டாட்டி முதல் பிடி மண்ணைப் போட்டாள். அதைப் பார்த்ததும், சண்டை போடுகிற வேகத்தில் இத்தனை நேரம் அடக்கிவைத்திருந்த அழுகை மணிக்காரிக்குப் பீறிக்கொண்டு வந்தது. அழுதாள்; அழுதுகொண்டே இழுத்தாள். கிழவர் மேட்டைத் தட்டிச் சமனாக்கி, மண்வெட்டியைத் தூக்கிக் காட்டியபோதுதான் கயிற்றை விட்டாள்.

"இப்ப எடுத்துக்கோ."

மணி கீழே இறங்கி வண்டியில் ஏறியபோது, கோயில் வாசலில் குரு தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மணிக்காரியைப் பார்த்ததும் விரலை நீட்டினார். "பாவி! இந்த ஊர் மணி கடைசியா ஒரு பிசாசுக்கா அடிக்கணும்?"

கையைத் துணியில் சுற்றிக்கொண்டே அவள் நின்றாள்.

"ஆமா சாமி, அவனுக்குத்தான் கடைசி. இனிமே உங்களுக்கே அடிக்க மணி கிடையாது."